குடோன் திரையில் வந்த பேய் பில்

மூன்று வாரமாகக் குடோன் திரை பொய் சொல்லவில்லை. எழுதி வைக்க இதுதான் நேரம். இன்னும் ஒரு மாதம் போனால் எங்கெங்கே வழுக்கினேன் என்பது எனக்கே மறந்துவிடும்.

சித்தப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. பைப், ஃபிட்டிங்ஸ், வயர், மோட்டார். கல்லா மெயின் ரோட்டில் இருக்கிறது. பைப்பெல்லாம் அடுக்கியிருக்கும் குடோன் பின்பக்கச் சந்தில். பில் போட்டதும் கல்லாவிலிருந்து போன் போகும்: "முக்கால் இஞ்ச் அஞ்சு லெங்த், எல்போ பத்து." குடோனில் இருக்கும் அண்ணன் ஒரு அட்டையில் குறித்துக்கொள்வார். கூட்ட நேரத்தில் முக்கால் ஒன்றாகும், பத்து இருபதாகும். பில் போட்ட கையோடு அதே பட்டியல் குடோனில் ஒரு திரையில் தெரிய வேண்டும், கூடவே ஒரு சீட்டும் அச்சாக வேண்டும். சித்தப்பா கேட்டது அவ்வளவுதான்.

சாமான் கணக்கு: கல்லாவுக்கு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் ரூ. 11,500. அதில் இருந்தது சுழலும் வகை ஹார்டு டிஸ்க். அது பின்னால் வேலையைக் காட்டியது. குடோனுக்கு என் தங்கையின் பழைய லேப்டாப். கீபோர்டில் பாதி எழுத்து விழாது, திரை மட்டும் போதும் என்பதால் காசில்லை. லேன் கேபிள் 30 மீட்டர், முனைகளில் கிளிப் அடித்த கூலியோடு ரூ. 900. ஸ்விட்ச் ரூ. 750. லேன் போர்ட் உள்ள 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர் ரூ. 6,200. மென்பொருளுக்குச் செலவில்லை: ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்ட நோட் 18, அதன் மேல் வெப் சர்வருக்கு எக்ஸ்பிரஸ், கோடிலிருந்து டேட்டாபேஸோடு பேச சீக்வலைஸ் 6, அடியில் எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ்.

டேட்டாபேஸ் மாடல்கள் (ஒரு அட்டவணைக்கு ஒரு மாடல்) மூன்று போட்டேன்: பொருள், பில், பில்வரி. சீக்வலைஸில் ஒரு மாடலுக்கு ஹுக் மாட்டலாம். அட்டவணையில் ஒரு வரி எழுதப்பட்டதும் இந்த ஃபங்க்ஷனைக் கூப்பிடு என்று சொல்லி வைப்பதுதான் அது. பில் மாடலின் ஆஃப்டர்கிரியேட் ஹுக்கில் (புது வரி எழுதியதும் ஓடுவது) நோட்டின் ஈவென்ட்எமிட்டரை வைத்து 'புதுபில்' என்று ஒரு ஈவென்டை எமிட் செய்தேன், அதாவது கோடுக்குள்ளேயே ஒரு கூப்பாடு போட்டேன். அதைக் கேட்டதும் ஓடும் ஃபங்க்ஷன்கள், அதாவது லிசனர்கள், இரண்டு. ஒன்று குடோன் திரைக்கு சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் (சர்வர் தானாகவே பிரவுசருக்குத் தகவல் தள்ளும் முறை) வழியாக அனுப்பும், இன்னொன்று பிரிண்டருக்கு அனுப்பும். மொத்தம் நாற்பது வரி கோடு இருக்கும், ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாக வந்தது. அந்தத் திருப்தியோடு தூங்கினேன்.

கடையில் போட்ட முதல் பில்லுக்கே திரையில் பில் நம்பர் வந்தது, கீழே பொருள் ஒன்றும் இல்லை. காரணம் புரிய நேரம் ஆகவில்லை. முதலில் பில்லை எழுதுகிறேன், அப்புறம்தான் பில்வரிகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன். ஹுக் ஓடும்போது பில் பிறந்திருக்கிறது, வரிகள் பிறக்கவில்லை. நான் செய்த வைத்தியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: லிசனரில் அரை விநாடி டைமர். அரை விநாடி பொறுத்துப் போய்ப் பார்த்தால் வரிகள் இருக்கும் அல்லவா?

இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ஒரு வீட்டுக்கு மொத்த பிளம்பிங் சாமானும் வாங்க வந்தார் ஒரு மேஸ்திரி. அறுபத்திரண்டு வரி. திரையில் வந்தது இருபத்தேழு. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எழுதும்போது எஸ்கியூலைட் ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் அடுத்ததற்கு வரும். பழைய டிஸ்க்குக்கு அந்த வேகம் இல்லை. அரை விநாடி முடிந்தபோது அது பாதி வழியில் இருந்திருக்கிறது. டைமரை ஐந்து விநாடியாக ஏற்றலாமா என்று நினைத்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள் போட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. பில், வரிகள், ஸ்டாக் குறைப்பு மூன்றும் சேர்ந்து நடந்தால் நடக்கட்டும், இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம். டிஸ்க்கில் ஒரே தடவை இறக்குவதால் அறுபது வரி பில்லும் கண்மூடித் திறப்பதற்குள் போனது. வீட்டில் பத்து பில் போட்டுப் பார்த்தேன், பழுதில்லை.

கடையில் முதல் பில்லே தொங்கியது. சில விநாடி சுற்றிவிட்டு, டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்று பிழை. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, பழைய பில் புக்கை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை.

பில்வரியின் ஹுக்கில்தான் ஸ்டாக்கைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறைப்புக்கு ட்ரான்சாக்ஷனைக் கையில் கொடுக்கவில்லை. ஹுக்குக்கு இரண்டாவதாக வரும் ஆப்ஷன்ஸில் ட்ரான்சாக்ஷன் இருக்கிறது. அதை எடுத்து, ஹுக்குக்குள்ளிருந்து டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு கேள்விக்கும் (குவெரிக்கும்) மறக்காமல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தக் கேள்வி வேறொரு கனெக்ஷனில் போகிறது. எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ட்ரான்சாக்ஷன் ஹுக் முடியட்டும் என்று காத்திருக்கிறது. ஹுக் ட்ரான்சாக்ஷன் பூட்டை விடட்டும் என்று காத்திருக்கிறது. குறுகலான சந்தில் இரண்டு லாரி எதிரெதிரே நின்ற கதை.

வீட்டில் ஏன் ஓடியது? வீட்டில் நான் சோதித்தது மெமரியில் இருக்கும் எஸ்கியூலைட்டை வைத்து. அப்படி வைத்தால் சீக்வலைஸ் எல்லாவற்றுக்கும் ஒரே கனெக்ஷனைத்தான் கொடுக்கிறது, மோத இரண்டாவது லாரியே இல்லை. சோதிக்கும்போது கடையில் இருப்பது போலவே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ் வேண்டும் என்பதைக் கற்க எனக்கு ஒரு வியாழக்கிழமைக் காலை வியாபாரம் ஆனது. ட்ரான்சாக்ஷனைத் தானாகவே கடத்தும் வசதி ஒன்றும் சீக்வலைஸில் உண்டு. நான் அதைத் தொடவில்லை. எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை.

அதற்கு அடுத்ததுதான் தலைப்பில் இருக்கும் பேய்.

ஒரு மதியம் குடோன் அண்ணன் கல்லாவுக்கு வந்து, "தம்பி, ஒன்றரை இஞ்ச் எட்டு லெங்த் வெளியே எடுத்து வெச்சிட்டேன், வண்டி எங்கே?" என்றார். கல்லாவில் அப்படி ஒரு பில்லே இல்லை. அவர் கையில் சீட்டு இருக்கிறது, நம்பர் 1184. டேட்டாபேஸில் 1184 என்று பார்த்தால் வேறு ஆள், இரண்டு பால் வால்வும் ஒரு டேப்பும் வாங்கியிருக்கிறார். ஒரே நம்பரில் இரண்டு சீட்டு.

நடந்தது இது: கல்லாவில் பில் போட்டிருக்கிறார்கள். ஏழாவது வரியில் ஸ்டாக் போதவில்லை என்று என் கோடே பிழை எறிந்திருக்கிறது. ட்ரான்சாக்ஷன் முழுதும் ரோல்பேக், அதாவது எழுதியது அத்தனையும் இல்லாமல் போயிற்று. வாடிக்கையாளர் அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். டேட்டாபேஸ் சுத்தமாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, நம்பரையும் அடுத்த பில்லுக்குக் கொடுத்துவிட்டது. ஆனால் ஆஃப்டர்கிரியேட் ஹுக் கமிட்டுக்கு (ட்ரான்சாக்ஷன் நிலையாகப் பதிவாவதற்கு) முன்பே ஓடிவிடுகிறது. டைமரையும் நான் எடுத்திருந்தேன். வரிகளைக் கல்லாப் பக்கத்திலிருந்து வந்த தகவலிலேயே சேர்த்து எமிட் செய்துகொண்டிருந்தேன். ஆக, நடக்காத பில் முழுப் பட்டியலோடு குடோனுக்குப் போய் அச்சாகியும் விட்டது. டேட்டாபேஸில் எழுதியதைத் திரும்ப எடுக்கலாம். எமிட் செய்ததை எடுக்க முடியாது. எட்டு லெங்த் பைப்பைத் திரும்ப அடுக்கியது அண்ணன்தான், நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

மருந்து சிறியது. ட்ரான்சாக்ஷனில் ஆஃப்டர்கமிட் என்று ஒன்று இருக்கிறது. ஹுக்குக்குள் நேரே எமிட் செய்யாமல், கமிட் ஆனபின் எமிட் செய் என்று அதனிடம் சொல்லி வைத்துவிடலாம். ரோல்பேக் ஆனால் அது ஓடாது. ஒரு சிக்கல், ட்ரான்சாக்ஷன் இல்லாமல் யாராவது பில்லை உருவாக்கினால் அங்கே ஆஃப்டர்கமிட்டைக் கூப்பிட ஆளே இல்லை, பிழை வரும். அதற்கு ஒரு இஃப் போட்டேன். போடும்போதே உறுத்தியது. மாடலின் ஹுக்குக்கு 'வரி எழுதினேன்' என்பது மட்டும்தான் தெரியும். 'பில் முடிந்தது' என்பது அதற்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அதன் வாயால் சொல்ல வைக்கத்தான் இவ்வளவு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அன்று ஓடியதால் அப்படியே விட்டேன்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் வந்தது: வர வேண்டிய இடத்தில் ஈவென்ட் வரவே இல்லை. ஸ்டாக் பத்துக்குக் கீழே போனால் திரையின் மூலையில் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்று பொருள் மாடலில் ஆஃப்டர்அப்டேட் ஹுக் போட்டிருந்தேன். ஒரு வாரமாகச் சிவப்பே இல்லை, வயர் காயில் மட்டும் தீர்ந்துபோனது. ஸ்டாக்கை நான் குறைத்தது டிக்ரிமென்ட் வழியாக. அது நேரே டேட்டாபேஸில் கழித்துவிடுகிறது, அப்டேட் ஹுக்கைத் தொடுவதே இல்லை. அதேபோல ஒரு கம்பெனிப் பொருள்களுக்கெல்லாம் மொத்தமாக விலை ஏற்ற, மாடலின் மேலேயே அப்டேட் கூப்பிட்டால், ஒவ்வொரு பொருளுக்கான ஹுக்கும் ஓடாது. மொத்த அப்டேட்டுக்கென்று தனி ஹுக் இருக்கிறது, அதுதான் ஓடும். இண்டிவிஜுவல்ஹுக்ஸ் என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஓடும் என்று ஆவணத்தில் இருந்தது. ஆக்கினேன். அன்று மாலை விலை ஏற்றியபோது 412 பொருள். அத்தனையும் மெமரிக்கு வந்து, அத்தனைக்கும் ஹுக் ஓடி, குடோன் லேப்டாப் 412 தடவை 'டிங்' என்றது. நான் அந்த ஒலியை அன்றுதான் புதிதாகச் சேர்த்திருந்தேன்.

அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு, குறைந்த ஸ்டாக்கைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே கேள்வியில் எடுத்துக் காட்டிவிட்டேன். இதற்கு ஈவென்ட்டே தேவையில்லை. வயர் காயில் குறைந்தது அந்த நொடியே தெரிந்து யாரும் ஆர்டர் போடப் போவதில்லை, சித்தப்பா ஆர்டர் சொல்வதே ராத்திரி எட்டு மணிக்குத்தான்.

அடுத்து லிசனர் பக்கம். ஒரு நாள் ஒரே பில்லுக்கு மூன்று சீட்டு வந்தது. அடுத்த பில்லுக்கும் மூன்று. மறுநாள் ஐந்து. அண்ணன் விவரமானவர், மூன்று தடவை எடுத்து வைக்கவில்லை. "பேப்பர் ரோல் உங்க சித்தப்பா காசு" என்று மட்டும் சொன்னார். பிரிண்டருக்கான லிசனரை, திரை கனெக்ட் ஆகும்போதெல்லாம் சர்வரில் ஓடும் ரூட்டுக்குள்ளேயே எழுதியிருந்தேன். லேப்டாப்பில் பக்கத்தைப் புதுப்பிக்க எஃப்5 அழுத்தும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு பிரிண்டர் லிசனர் சேர்கிறது. பிரிண்டர் லிசனரை வெளியே, சர்வர் கிளம்பும் இடத்துக்கு நகர்த்தினேன். ஒரு சீட்டு ஆனது.

ஆனால் திரைக்கான லிசனர் அதே ரூட்டுக்குள்தான் இருந்தாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் தனி ரெஸ்பான்ஸ். பக்கம் மூடியதும் அதை எடுக்க வேண்டும். இதற்கு நோட் எச்சரிக்கை கொடுத்திருந்தது: ஒரே ஈவென்டுக்குப் பதினோராவது லிசனர் சேர்ந்ததும், மெமரி ஒழுகலாம் என்று. பத்து வரைதான் அது பேசாமல் இருக்கும். நான் செட்மேக்ஸ்லிசனர்ஸைப் பூஜ்யமாக்கி அதன் வாயை அடைத்திருந்தேன். பூஜ்யம் என்றால் எல்லையே இல்லை என்று அர்த்தம். வேலை செய்த ஒரே காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிய கதை.

லிசனரைக் கழற்ற 'ஆஃப்' போட்டேன். எண்ணிக்கை இறங்கவில்லை. அரை மணி நேரம் முழித்தேன். லிசனரை மாட்டும் 'ஆன்' போடும்போது ஒரு ஆரோ ஃபங்க்ஷன் (பெயரில்லாத ஃபங்க்ஷன்) எழுதியிருந்தேன், ஆஃப் போடும்போது அதே போலவே இன்னொன்று எழுதியிருந்தேன். பார்க்க ஒன்று, உண்மையில் இரண்டு. ஃபங்க்ஷனுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரையே ஆனுக்கும் ஆஃபுக்கும் கொடுத்து, ரிக்வெஸ்ட்டின் க்ளோஸ் ஈவென்ட்டில் கழற்றினேன். இப்போது கல்லாத் திரையின் அடியில் லிசனர்கவுன்ட், அதாவது லிசனர்களின் எண்ணிக்கை, சின்ன எழுத்தில் எப்போதும் தெரிகிறது. திரை ஒன்று என்றால், பிரிண்டருடையதும் சேர்த்து 2 இருக்க வேண்டும். எல்லையைப் பழையபடி பத்துக்கே மாற்றினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி, கடையில் நிற்க இடமில்லாத நேரம், பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தது. பில்லிங் முழுதும் விழுந்தது. குடோனில் பேப்பர் தீர்ந்ததற்கும் கல்லாவில் பில் விழுவதற்கும் என்ன சம்பந்தம்? எமிட் செய்த இடத்தைச் சுற்றி, பிழை வந்தால் பிடிக்க ட்ரை கேட்ச் போட்டுத்தான் வைத்திருந்தேன். லிசனர் அசிங்க் ஃபங்க்ஷன், வேலையைப் பின்னால் முடிக்கும் வகை. எமிட் அதைக் கூப்பிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும், அது முடியும்வரை நிற்காது. பிழை பின்னால் வரும்போது பிடிக்க அங்கே யாரும் இல்லை. இப்படிப் பின்னால் வரும் பிழையை (ப்ராமிஸ் பிழை) யாரும் பிடிக்காவிட்டால் நோட் 15 முதல் புரோசஸே, அதாவது மொத்த சர்வரும், நின்றுவிடும். லிசனருக்கு உள்ளே ட்ரை கேட்ச் போட்டேன். வேலை இரண்டு நிமிடம். அன்று கல்லாவில் நின்றவர்கள் காத்திருந்தது இருபது நிமிடம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஓட்டை இருந்தது. கமிட் ஆகிவிட்டது, எமிட் ஆகவில்லை, அந்த இடைவெளியில் கரண்ட் போனால்? எங்கள் ஊரில் இது கற்பனைக் கேள்வி இல்லை. யுபிஎஸ் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஈவென்ட் என்பது மெமரியில் ஒரு கூப்பாடு, சர்வர் செத்தால் கூப்பாடும் செத்தது. பில் இருக்கும், காசு வாங்கியிருப்பார்கள், குடோனுக்குத் தெரியாது. அதேபோலக் குடோன் லேப்டாப் அணைந்திருந்த நேரத்தில் போன பில்களும். பிரவுசர் தானாகத் திரும்ப கனெக்ட் ஆகும்போது கடைசியாகப் பார்த்த ஈவென்ட்டின் நம்பரைச் சொல்லும், அதை வைத்து விட்டதை அனுப்பலாம் என்று எழுதிப் பார்த்தேன். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் அழகாக வேலை செய்தது. எஃப்5 அழுத்தினால் புதுக் கனெக்ஷன், பழைய நம்பர் நினைவில்லை. அண்ணனுக்கு எஃப்5 அழுத்தாமல் இருக்க முடியாது.

அப்போதுதான் முட்டுகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி எழுதினேன். ஹுக்குகளிலிருந்து ஈவென்ட் சம்பந்தப்பட்ட அத்தனையும் போயிற்று. 'பில்போடு' என்று ஒரே ஃபங்க்ஷன். அதற்குள் ஒரு ட்ரான்சாக்ஷன். அதில் பில், வரிகள், ஸ்டாக், கூடவே 'அனுப்பவேண்டியவை' என்ற நான்காவது மாடலில் ஒரு வரி. அந்த வரியில் பில் நம்பர், அச்சான நேரம், எடுத்து முடித்த நேரம் ஆகியவை. கடைசி இரண்டும் காலியாகப் பிறக்கும். நான்கும் சேர்ந்தே கமிட் ஆகும், சேர்ந்தே ரோல்பேக் ஆகும். ட்ரான்சாக்ஷன் முடிந்து திரும்பிய அடுத்த வரியில் எமிட். ஆஃப்டர்கமிட்கூட இப்போது தேவைப்படவில்லை.

ஈவென்ட்டில் இப்போது பில்லின் பட்டியலே கிடையாது. 'ஏதோ வந்திருக்கிறது, போய்ப் பார்' என்ற தட்டல் மட்டும்தான். கேட்டதும் பிரிண்டர் பக்கம் 'அனுப்பவேண்டியவை'யில் அச்சாகாததை நம்பர் வரிசையில் எடுத்து அச்சடிக்கிறது, நேரத்தைக் குறிக்கிறது. தட்டல் தொலைந்தாலும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை தானாகவும் பார்க்கிறது. பேப்பர் தீர்ந்தால் பிழையை எழுதிவிட்டு அடுத்த முறை அதையே முயற்சிக்கிறது. திரை திறந்ததும், எடுத்து முடிக்காத பில் எல்லாவற்றையும் கேட்டு வாங்குகிறது. அண்ணன் 'எடுத்தாச்சு' பட்டனைத் தொட்டால்தான் மறையும். எஃப்5 எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம்.

இதிலும் ஒரு ஓரம் பிசிறு உண்டு. அச்சடித்துவிட்டு நேரத்தைக் குறிப்பதற்குள் கரண்ட் போனால் அதே சீட்டு இன்னொரு தடவை வரும். வராமல் போவதைவிட இரண்டு வருவது மேல் என்று முடிவு செய்து, சீட்டின் தலையில் பில் நம்பரைப் பெரிதாக அச்சடித்தேன்.

ஹுக் இன்னும் ஒன்று மிச்சம். பொருள் மாடலில் பிஃபோர்வேலிடேட்: பொருள் பெயரில் முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளியை வெட்டுகிறது. தன் வரியைத் தவிர வேறு எதையும் தொடாத வேலை.

கடையை மூடியபின் சோதனை. பில் போடும்போதே டெஸ்க்டாப்பின் பிளக்கைப் பிடுங்குவது, இருபது தடவை. மூன்று தடவை பில்லே பதிவாகவில்லை, குடோனிலும் ஒன்றும் வரவில்லை, அதுதான் சரி. மீதிப் பதினேழும் சர்வர் எழுந்ததும் தானாக அச்சாகின. ஒன்று இரண்டு முறை அச்சானது. டிஸ்க் அவ்வளவு அடி தாங்கியது எனக்கே ஆச்சரியம்.

மொத்தச் செலவு ரூ. 19,350. அதுபோக வீணாகப் போனது நான்கு பேப்பர் ரோல். நேரம் ஐந்து வாரச் சாயங்காலங்கள், அதில் மூன்று வாரம் ஹுக்கோடு மல்லுக்கட்டியது. மறுபடி செய்தால் முதல் நாளே 'அனுப்பவேண்டியவை'யில் ஆரம்பித்து, ஈவென்டைக் கடைசியில் ஒட்டுவேன். ஈவென்ட் இல்லாமலே ஐந்து விநாடி தாமதத்தில் எல்லாம் ஓடவேண்டும், அப்புறம்தான் வேகம். சோதனை டேட்டாபேஸ் முதல் நாளிலிருந்தே ஃபைலில். டெஸ்க்டாப் வாங்கும்போது இரண்டாயிரம் கூடப் போட்டு, சுழலாத வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி.

பாக்கி இருப்பது பில் ரத்து. போன வாரம் ஒருவர் பணம் கட்டிவிட்டு மனசு மாறினார். கல்லாவில் ரத்து செய்தார்கள். குடோன் திரையில் பில் அப்படியே நின்றது. அதுவும் 'அனுப்பவேண்டியவை'யில் ஒரு வரியாகத்தான் போகவேண்டும், 'திரும்ப வை' என்று. அண்ணனிடம் சொன்னேன். "அதுக்கு மட்டும் வேற மாதிரி மணி அடிக்கட்டும் தம்பி," என்றார், "டிங் வேண்டாம்."